கடல் கடந்த பத்தினி



சமய வரலாற்றுத் துறையில் முதிர்ந்த ஆராய்ச்சியாளர் பலர் வீற்றிருக்கும் இச்சபைக்குத் தலைமை தாங்குமாறு கோலாலம்பூர் அன்பர்கள் என்னைப் பணித்தமைக்கு நன்றி கூறும்போதே, அப்பொறுப்பை நிறைவேற்றுவேனோ என்னும் அச்சமும் உடன் எழுகின்றது.

அயல்நாட்டுத் தேவியரைத் தமதாக்கிக்கொண்ட சமயங்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கின்றோம். கானான் நாட்டுத் தேவியரான அனாத்தும் அஸ்தார்த்தேயும் எகிப்தில் குடியேறி, அந்நாட்டு மன்னன் இரண்டாம் இராம்சேஸ் தன் மகளுக்கே ‘அனாத்தின் மகள்’ எனப் பொருள்படும் பிந்த்-அனாத் என்னும் பெயரைச் சூட்டுமளவுக்குச் செல்வாக்குப் பெற்ற வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் அதனை விரிக்காமல், நம் வீட்டு வாசலிலேயே கிடக்கும் விஷயத்துக்கு வருகின்றேன்.

நம் சிலப்பதிகாரக் கண்ணகி இலங்கையில் சிங்களப் பௌத்தரின் பத்தினித் தெய்வமாகி, கண்டி எசலப் பெரஹெராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு தன் தேவாலயத்து ஊர்வலமும் செல்லும் பெருமை பெற்றாள். இதனைப் பற்றி நம்மவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி இலங்கை மன்னன் கயவாகுவைப் பற்றியதேயாகும். சிலப்பதிகாரம் கூறும் கயவாகுவை மகாவம்சத்துக் கஜபாகுவோடு இணைத்து, கனகசபைப் பிள்ளையவர்கள் 1904-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் சங்ககாலத்தை வரையறுத்த நாள்முதல், அம்மன்னன் நமக்கு ஆண்டு காட்டும் கருவியாகவே பயன்பட்டு வந்திருக்கின்றான். கஜபாகுவின் வரலாற்றைச் சொல்லும் மகாவம்சம் பத்தினியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் அவளுடைய சிலம்புகளைக் கொண்டுவந்தான் என்பது மிகப் பிற்பட்ட இராஜாவலிய என்னும் சிங்கள நூல் கூறும் கதை. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984-இல் வெளியிட்ட பெருநூலில் இக்கதையை வரலாறாக ஏற்க மறுத்ததைக் கேட்டு, தமிழின் தொன்மையே சரிந்துவிட்டதுபோல் வருந்தும் நண்பர்களைக் கண்டிருக்கின்றேன். அவர்களுடைய தமிழ்ப்பற்றை வணங்குகின்றேன். வருத்தத்திற்குக் காரணமில்லை என்று உறுதியாகச் சொல்லுகின்றேன். தேவியைக் கடல் கடத்தியவர்கள் மன்னர்களல்லர். சடங்கறிந்த சாமானிய ஜனங்களே.

சான்று மட்டக்களப்பில் இருக்கின்றது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறந்ததும் கண்ணகி வழக்குரை பாடப்படுகின்றது; மதுரையை எரித்தவளின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடி முடிக்கின்றார்கள். அவ்வூர்களில் வடசேரியார் கோவலன் பக்கமும், தென்சேரியார் கண்ணகி பக்கமும் நின்று, இரு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும் கொம்பு விளையாட்டு உண்டு. சிங்கள ஊர்களில் இதுவே ‘அங்கெலிய’. அங்கும் ஒரு கட்சி பத்தினிக்கு, மறு கட்சி அவள் கணவன் பாலங்கனுக்கு. மொழி வேறு, மதம் வேறு. கொளுவிய கொம்பு ஒன்றே. எந்தச் சாசனம் இதற்கு நிகராகும்? வி.சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்த வழக்குரையை நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேர் புரட்டியிருக்கின்றார்கள்?

இந்தக் கோலாலம்பூர்ப் பிரிக்ஃபீல்ட்ஸையே பாருங்கள். ரயில்வேக்கும் கச்சேரி உத்தியோகத்துக்கும் வந்த யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். சற்றுத் தொலைவில் சிங்களர் 1894-இல் தொடங்கிய சங்கத்தின் மகா விகாரை நிற்கின்றது. ஒரே தீவிலிருந்து வந்த இவ்விரு சாராருக்கும் பொதுவான தெய்வம் கண்ணகி. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தார் இங்கே முன்னிறுத்தியது முருகனை. ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணச் சார்புடையதென்று கண்டித்ததும், யாழ்ப்பாணத்தில் அவள் கோயில்கள் பல இராசராசேசுவரி முதலிய பெயர்களைப் பூண்டதும் இதற்கு ஒரு காரணமென்பது என் துணிபு. நாவலர் பெருமானிடம் எனக்குள்ள பக்தி சிறிதன்று. எனினும் சிங்களர் போற்றி வைத்துக்கொண்டவளை நாம் பெயர் மாற்றி மறைத்தது நஷ்டமே.

தேவியரை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வோர் சாமானிய ஜனங்களேயாதலால், அனாத்தைப் பற்றிக் கட்டுரை வாசிக்கவிருக்கும் அன்பர்கள் இராம்சேஸின் அரச சாசனங்களோடு நின்றுவிடலாகாது. எகிப்தின் தேய்ர் எல்-மெதீனாவில் கல்லறை குடையும் வேலைக்காரர்கள், சிங்கத்தின்மேல் நிற்கும் கதேஷ் என்னும் தேவிக்குத் தாமே செதுக்கி நாட்டிய சிறு கற்பலகைகளையும் எங்கள் முன் வைக்கவேண்டும். விவாதத்தை அந்தப் பலகைகளிலிருந்தே தொடங்குமாறு முதல் அமர்வின் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ளுகின்றேன்.