விளக்கை அணைக்கும் புரட்சி

இன்னைக்கு ஃபாலன் லண்டன். 2009-ல ஃபெயில்பெட்டர் கேம்ஸ் வெளியிட்டது. பிரவுசர்ல படிச்சுப் படிச்சே விளையாடணும். கதைப்படி 1862-ல லண்டன் நகரத்தையே வௌவால்கள் தூக்கிட்டுப்போய் பூமிக்கு அடியில வெச்சிடுது. சாகக் கிடந்த கணவருக்காக மகாராணி ஊரையே வித்துட்டாங்க. இப்போ எல்லாம் பஜாரின் மாஸ்டர்கள் கையில.

இவங்களை எதிர்க்கிற புரட்சிக்காரங்களுக்கு ஒரு ரகசியத் தலைமை உண்டு: காலண்டர் கவுன்சில். அதுல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, மாசம்தான் பேரு. செஸ்டர்டனோட 1908 நாவல்ல அராஜகவாதிகளுக்குக் கிழமைப் பேர் இருக்குமே, அந்த வாசனை.

மேலோட்டமா பார்த்தா குண்டு வைக்கிற கும்பல். ஆனா அவங்களோட தீவிரமான கனவு மாஸ்டர்களோட நிக்கல. இந்த உலகத்துல நட்சத்திரங்கள்தான் நீதிபதிகள், அவங்க ஒளிதான் சட்டம். யார் மேல, யார் கீழன்னு தீர்மானிக்கிறதே அதுதான். பூமிக்கடியில சூரிய ஒளி எட்டாததால அங்க சாவுகூடப் பெரும்பாலும் நிரந்தரம் இல்ல! அப்போ எல்லா வெளிச்சத்தையும் அணைச்சுட்டா? 'இரவின் விடுதலை'ங்கிறது அதுதான்.

தர்க்கம் இடிக்கல, அதுதான் பயமா இருக்கு. இயற்கையோட சட்டமே அநியாயம்னா, சட்டப்படி அதை எப்படி மாத்துவீங்க? ஆனா அந்த இருட்டுல மிஞ்சப்போறது யாரு? ஊர்ல விளக்கேத்தி வாழ்ற சாதாரண ஜனங்ககிட்ட யாரும் கேக்கல. மாஸ்டர்களும் கேக்கல, கவுன்சிலும் கேக்கல.

கேம்ல புரட்சிக்காரங்களுக்கும் உதவலாம், போலீஸுக்கும் உதவலாம். நான் ரெண்டு பக்கமும் வேலை பாக்குறேன். டிசம்பர்கிட்ட போட்டுக்குடுத்துடாதீங்க.