கறுப்பு டியூபைக் கீழே வையுங்கள்

(மாணவர்களுக்கான ஓவியப் பட்டறை ஒன்றின் இரண்டாம் நாள் காலை பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



நேற்று சாயங்காலம் நீங்க போட்ட படங்களையெல்லாம் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். 'வீட்டில் உள்ள ஒருத்தரை நினைவிலிருந்து வரையுங்கள்' என்று சொல்லியிருந்தோம். அம்மா, ஆயா, அண்ணன், செத்துப்போன தாத்தா என்று வரைந்திருக்கிறீர்கள். கோடு நன்றாக இருக்கிறது. சாயல் பிடிக்கிற கை நிறையப் பேருக்கு வாய்த்திருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. பாதிப் படங்களில் முகம் ரோஸ் கலரில் இருக்கு. மீதிப் பாதியில் முகம் கரியாக இருக்கு. நடுவில் ஒன்றுமே இல்லை. இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தருடைய நிறம்கூட அந்தத் தாள்களில் இல்லை.

குறை சொல்றதுக்காக இதைச் சொல்லவில்லை. நானும் இதே குழியில் விழுந்து எழுந்தவன்தான். பத்தாம் வகுப்பு படிக்கும்போது போட்டியில் ஒரு கலர் பெட்டி பரிசாகக் கிடைத்தது. அதில் ஒரு டியூபின் மேல் 'ஃப்ளெஷ் டின்ட்' என்று எழுதியிருந்தது. ஃப்ளெஷ் என்றால் சதை. ஆக, மனுசத் தோலுக்கு இதுதான் நிறம் என்று கம்பெனிக்காரனே சொல்லிட்டான், நமக்கென்ன தெரியும்? அதைப் பிதுக்கி அம்மாவைப் போட்டேன். நடவுக்குப் போய்விட்டு வந்த அம்மா சேற்றுக் காலோடு நின்று பார்த்துவிட்டுக் கேட்டாங்க: "யார்ரா இது, டீச்சரம்மாவா?" வெட்கமாப் போச்சு. மறுபடி உட்கார்ந்து கறுப்பு டியூபை எடுத்து மேலே பூசினேன். அதையும் பார்த்தாங்க. "சுடுகாட்டுக் கட்டை மாதிரி இருக்கேன்டா" என்று சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

இரண்டு தடவையும் அம்மா சொன்னதுதான் சரியான விமர்சனம். அது ஏன் சரி என்று எனக்குப் புரிய பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் இந்த ஊடகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நீர்வண்ணம் என்பது பொடியாக அரைத்த நிறமியும் வேல மர இனத்துப் பிசினும் சேர்ந்தது. தண்ணீர் விட்டால் கரையும், காய்ந்தால் பிசின் நிறமியைத் தாளோடு பிடித்துக்கொள்ளும். ஆயில் பெயின்ட் போலவோ, நாம் சுவரில் அடிக்கிற எனாமல் போலவோ இது கீழே உள்ளதை மூடாது. வெளிச்சம் நிறத்துக்குள்ளே போய், வெள்ளைத் தாளில் பட்டு, திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. படத்தில் இருக்கிற வெளிச்சம் முழுக்கத் தாளிலிருந்து வருகிறது. அதனால்தான் இதில் வெள்ளை பூசுவது கிடையாது, வெள்ளையை விட்டு வைப்பதுதான் உண்டு.

இப்போ கறுப்பு டியூபை எடுங்க. பெரும்பாலும் அது கரி. விளக்குப் புகைக்கரியிலிருந்தும், எலும்பை எரித்த கரியிலிருந்தும் செய்து வந்தது. கரி வந்த வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடும். கெட்டியாகப் போட்டால் தாளுக்குப் போகிற வழியும் அடைபட்டுப் போகும். எங்கம்மா முகத்தில் நான் செய்தது அதுதான். கறுப்பாகப் போட்டதில் தப்பில்லை, வெளிச்சத்தை அடைத்ததுதான் தப்பு. கறுத்த தோல் இருட்டு கிடையாது தோழர்களே. வெயிலில் நிற்கிற நம் ஆள் ஒருத்தர் தோளைப் பாருங்க, எவ்வளவு வெளிச்சம் இருக்கு! அந்த மினுக்கம் வெளுத்த தோலில் இவ்வளவு எடுப்பாகத் தெரியாது.

இந்த ரோஸ் கலர் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் க்ரயோலா கம்பெனி ஒரு கிரேயானுக்கு 'ஃப்ளெஷ்' என்று பெயர் வைத்திருந்தது. 1962இல்தான் அதை 'பீச்' என்று மாற்றினார்கள். யாருடைய சதை என்று அந்தப் பெயர் கேட்கவே இல்லை. நம்ம ஊர் பேனர்களைப் பாருங்க. அம்பேத்கருக்கு நீலக் கோட்டு சரியாகப் போட்டிருப்பான், முகத்தை மட்டும் ரோஸாக்கி வைத்திருப்பான். நானும் வரைந்திருக்கிறேன். அன்பில்தான் வரைந்தேன். உயர்த்த வேண்டும் என்றால் வெளுக்க வேண்டும் என்று கைக்குள்ளே யாரோ எழுதி வைத்திருக்கிறான்.

இன்னொரு கதையும் இருக்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் உள்ளூர் ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகப் படம் போட்டார்கள். கம்பெனி ஓவியம் என்று சொல்கிறோம். தண்ணீரில் கரைக்கிற வண்ணம்தான், ஆனால் கெட்டியாக, கீழே தெரியாதபடி பூசியது. திருச்சியில் மைக்காத் தகட்டிலும் போட்டார்கள். அதில் ஒரு வகை, தாளுக்கு ஒரு சாதி. ஒரு ஆண், ஒரு பெண், கையில் தொழில் கருவி. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் இந்த ஆல்பங்கள் இருக்கின்றன. அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கீழே சாதிப் பெயரோ தொழில் பெயரோ எழுதியிருக்கும். அந்த மனுசர் பேர் என்ன, அந்தப் பெண் யார் என்று இருக்காது. பூச்சியைக் குத்தி வைக்கிற மாதிரி மனுசரை மாதிரிச் சரக்காக வைத்திருக்கிறது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் யார் கண்ணுக்காக வரைந்தது என்று கேளுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். மூன்று டியூப் போதும். எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம். முதல் இரண்டும் மண். இரும்பு கலந்த காவி மண்ணும், அந்த மாதிரி மண்ணைச் சுட்டதும். நம்ம ஊர் செம்மண்ணுக்குச் சொந்தக்காரர்கள். அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்தது, பணக்காரன் மட்டுமே வாங்க முடிந்த நிறம். 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யக் கற்ற பிறகு ஏழைக்கும் கிடைத்தது. உதட்டுக்கு வேண்டுமானால் ஒரு சிவப்பு. அலிசரின் கிரிம்சன் வாங்காதீங்க, வெளிச்சத்தில் வெளிறிப் போகும்.

பர்ன்ட் சியன்னாவையும் அல்ட்ராமரைனையும் கலந்து பாருங்க. சியன்னா கூடினால் சூடான பழுப்பு, நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சமமாகக் கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு இருள். உயிருள்ள இருள் அது. நம் வீட்டில் உள்ள அத்தனை பேர் நிறமும் இந்த இரண்டுக்கு நடுவில் எங்கேயோ இருக்கு.

முகம் போடும்போது முதலில் பின்னணியைத் தொடுங்கள். சேலையோ, சுவரோ, கதவோ. இது முக்கியம். சுற்றிலும் வெள்ளைத் தாள் இருந்தால் எந்தப் பழுப்பும் ரொம்பக் கறுப்பாகத் தோன்றும். பயந்து பாதியில் நிறுத்திவிடுவீர்கள். முகம் வெளிறிப்போகும்.

அடுத்தது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு, கீழுதடு. அங்கே தாளை விட்டு வையுங்கள். வெளியில் நிற்கிறவர் என்றால் அந்த மினுக்கத்தில் வானத்து நீலம் இருக்கும். பிறகு அதன்மேல் மிக மெல்லிய நீலத்தை ஓட்டலாம். குண்டு பல்பு வெளிச்சம் என்றால் மஞ்சள்.

பிறகு முகம் முழுக்க, மினுக்கத்தை விட்டுவிட்டு, ஓக்கரும் சியன்னாவும் தண்ணியாக ஒரு வாஷ். காய விடுங்க. புறங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தின் மேல் கை வைத்தால் கீழ்ப்பூச்சு கிளம்பிச் சேறாகும். காய்ந்த பிறகு சியன்னாவில் கொஞ்சம் நீலம் சேர்த்து இரண்டாவது பூச்சு. கண்குழி, மூக்கின் பக்கம், தாடைக்குக் கீழே இன்னும் நீலம் கூட்டி மூன்றாவது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காதீங்க.

ஒன்று ஞாபகம் வையுங்கள். நீர்வண்ணம் காய்ந்தால் வெளுக்கும். ஈரத்தில் பார்த்தது காய்ந்ததும் இருக்காது. அதனால் உங்களுக்குத் துணிவு இருக்கிற அளவை விட ஒரு படி கூடுதலாகவே கறுப்பாகப் போடுங்கள்.

காசைப் பற்றியும் பேச வேண்டும். ஏன்னா அதுதான் நம் பிரச்சினை. இருக்கிற காசைத் தாளுக்குப் போடுங்கள். சார்ட் பேப்பர் இதற்கு ஆகாது, இரண்டாவது பூச்சிலேயே நைந்துவிடும். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் நல்லது. ஒரு முழுத் தாள் வாங்கி எட்டாகக் கிழியுங்கள். மெலிந்த தாள்தான் கிடைத்தது என்றால் தண்ணீரில் நனைத்து, பலகையில் விரித்து, நாலு ஓரமும் பசைத்தாள் ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு சுருங்காது. நுனி கூடுகிற பிரஷ் ஒன்று, எட்டாம் நம்பர், போதும். அதைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைக்காதீங்க, நுனி செத்துப்போகும். டம்ளர் இரண்டு வேண்டும், ஒன்று கழுவ, ஒன்று சுத்தத் தண்ணீர். கலக்குவதற்கு வெள்ளைப் பீங்கான் தட்டு போதும். சித்திரை வெயிலில் மத்தியானம் வாஷ் போட்டால் இழுப்பதற்குள் காய்ந்துவிடும், காலையில் போடுங்கள். மழைக்காலத்தில் தாளில் பூசணம் பிடிக்கும், காற்று படாமல் கட்டி வையுங்கள்.

நேற்று ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இது துரைமார் மீடியம் இல்லையா? நமக்குப் போஸ்டர் போதாதா?" நியாயமான கேள்வி. போஸ்டர் வேண்டும், நான் இன்றைக்கும் எழுதுகிறேன். ஆனால் யோசிச்சுப் பாருங்க. ஒரு தோள்பையில் முழுச் சாமானும் அடங்குகிறது. வரப்பில் உட்கார்ந்து போடலாம், குடிசையை இடித்துப்போட்ட இடத்தில் உட்கார்ந்து போடலாம், அரை மணியில் காய்ந்துவிடும். வங்காளத்தில் ராம்கிங்கர் பைஜ் என்று ஒருத்தர், 1906இல் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் இருந்துகொண்டு சந்தால் உழைப்பாளிகளை நீர்வண்ணத்தில் நிறைய வரைந்தார். 1938இல் 'சந்தால் குடும்பம்' சிலையைச் செய்தபோது பளிங்கையும் வெண்கலத்தையும் தேடவில்லை, சிமெண்டையும் செம்புறாங்கல் ஜல்லியையும் வைத்தே செய்தார். பொருள் எவனுடையது என்பதை விட யார் கையில் இருக்கு என்பதுதான் பேச்சு.

கடைசியாக ஒன்று. யாரை வரைந்தாலும் முதலில் கேட்டுவிட்டு வரையுங்கள். முடிந்ததும் அவர்களிடம் காட்டுங்கள். தாளின் பின்பக்கம் அவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். அந்தக் கம்பெனி ஆல்பத்தில் இல்லாதது அதுதான்.

எங்கம்மாவை மூன்றாவது தடவை வரைந்தபோது எனக்கு வயசு இருபத்தெட்டு. வாசலில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாங்க. நாலு பூச்சு. பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "காதுல தோடு எங்கடா?" என்றாங்க. மறந்துட்டேன். தோடை விட்டுட்டேனே தவிர ஆளை விடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காருங்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் போடப் போகிறோம். அதற்கு முன்னால், உங்க கறுப்பு டியூபையும் அந்த ரோஸ் டியூபையும் இந்த பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போங்க. கறுப்பைச் சாயங்காலம் திருப்பித் தர்றேன், போஸ்டர் எழுத வேணும். ரோஸ் டியூபுக்கு அவசரமில்லை. செம்பருத்தி வரையும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.