பீடமும் மேடையும்

(யூபிலி விழா ஆயத்த நாள் மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலயம் யூபிலி காணும் இந்த அருளின் நாள்களை நமக்குத் தந்த இறைவனுக்கு முதற்கண் நன்றி கூறுவோம். இன்று மாலை நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குப் புதிதன்று. கடந்த சில வாரங்களாகத் திண்ணைகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் பேசப்பட்டு வருவதுதான். விழாத் திருப்பலியில் டிரம் செட்டும் மின்கிதாரும் வேண்டும், அன்றிரவு ஆலயத்துக்குள்ளேயே இன்னிசைக் கச்சேரியும் வேண்டும் என்று நம் இளைஞர் கேட்டனர். "இது கோவிலா, கொட்டகையா?" என்று பெரியவர்கள் கேட்டனர். பாடகற்குழுவை விட்டே விலகிவிடுவோம் என்கின்றனர் இளைஞரில் சிலர். பக்கத்துப் பங்கில் பூசை காணப் போகிறோம் என்கின்றனர் மூத்தோரில் சிலர். இரு சாராரும் இந்த ஆலயத்தை நேசிப்பவர்களே. ஆகவே மனத்தாங்கலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, திருச்சபை இவ்விஷயத்தில் நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்போம்.

முதலாவதாக, இசைக்கருவிகளைக் கண்டு திருச்சபை அஞ்சியதில்லை. உடன்படிக்கைப் பேழைக்கு முன்பாகத் தாவீது அரசர் தம் முழு வலிமையோடு நடனமாடினார் என்று சாமுவேல் இரண்டாம் நூல் கூறுகிறது. திருப்பாடல்களில் கடைசியானதாகிய 150ஆம் பாடல் எக்காளம், யாழ், முரசு, தாளம் என்று எல்லாக் கருவிகளையும் இறைபுகழுக்கு அழைக்கிறது. கிதார் இக்காலத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த கருவி என்று நினைப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1818ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், ஆஸ்திரியா நாட்டின் ஓபெர்ன்டோர்ஃப் என்னும் ஊர்க் கோவிலில், உதவிக்குருவாயிருந்த யோசேப் மோர் அடிகள் கிதார் மீட்ட, பிரான்ஸ் க்ரூபர் என்னும் ஆசிரியர் உடன் பாட, ஒரு புதிய பாடல் அரங்கேறியது. அதுவே இன்று உலகம் முழுவதும் பாடப்படும் 'சைலண்ட் நைட்'.

இரண்டாவதாக, இசை தன் எல்லையை மீறியபோதெல்லாம் திருச்சபை குரல் எழுப்பாமல் இருந்ததுமில்லை. பாடப்படும் வார்த்தையைவிடப் பாடும் குரலே தம் உள்ளத்தை அதிகம் கவரும்போது அதைத் தாம் பாவமாகக் கருதுவதாகப் புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலில் எழுதினார். திரெந்து பொதுச்சங்கம் 1562இல், சிற்றின்ப வாடை கலந்த இசையை ஆலயங்களிலிருந்து விலக்கப் பணித்தது. திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1749இல் நாடக மேடையின் இசைப்பாணி பீடத்தருகே வருவதைக் கண்டித்தார். ராக் இசை இல்லாத அந்தக் காலத்தில், இத்தாலிய இசைநாடகமே மக்களை மயக்கிய கேளிக்கை. புனித பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22இல், இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாள் திருநாளன்று, அந்த இசைநாடகப் பாணியைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். அதில் டிரம் மட்டுமல்ல, பியானோவும் விலக்கப்பட்டது!

பின்னர் வந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் கதவைப் பரந்த மனத்தோடு திறந்தது. கிரகோரியார் இசைக்கு முதலிடத்தையும் குழல் ஆர்கனுக்குச் சிறப்பிடத்தையும் கொடுத்த அதே சங்கம், அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபை மதிக்கவும் சொன்னது. தூய பயன்பாட்டுக்குத் தகுந்தவையானால், திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு மற்றக் கருவிகளையும் ஏற்கலாம் என்றது. 1966 ஏப்ரலில் உரோமை நகரிலேயே, மார்செல்லோ ஜோம்பீனி இயற்றிய 'இளைஞர் திருப்பலி' இசையை 'பீட்' இசைக்குழுக்கள் மின்கிதார்களோடு இசைத்தன. பெரிய சர்ச்சை எழுந்தது. மறு ஆண்டு மார்ச் 5இல் வெளியான திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, பொதுமக்களின் கருத்திலும் வழக்கத்திலும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியவை எனப்படும் கருவிகளை வழிபாட்டில் அறவே தவிர்க்கச் சொன்னது.

இங்கே நாம் கவனமாயிருக்க வேண்டும். 'பொதுமக்களின் கருத்து' எப்போதும் நீதியானதாய் இருப்பதில்லை. நம் நாட்டில் பறையைச் சாவு மேளம் என்று கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தார்களே, அது எதனால்? அந்தத் தோலின் ஓசை பிடிக்காமலா? அதை அடித்த மனிதரைப் பக்கத்தில் நிற்க விட மனமில்லாததால்தான். இன்று எத்தனையோ ஆலயங்களில் காணிக்கைப் பவனிக்குப் பறை முழங்குகிறது. இறைவன் மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகிறோம். ஆகவே, கருவியின் பெயரைக் கேட்டவுடன் தீர்ப்பிடுவது சரியாகாது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? பீடத்தின் முன் கூடுவோர் யாவரும் வழிபடுவோர். மேடையின் முன் கூடுவோர் பார்வையாளர். நம் இசை பங்கு மக்களை இவ்விருவரில் யாராக ஆக்குகிறது என்பதே கேள்வி.

இதை நம் ஞாயிறு திருப்பலியிலேயே சோதித்துப் பார்ப்போம். பாட்டு தொடங்குமுன் ஒரு நீண்ட இசை. சரணத்துக்குச் சரணம் இன்னொரு இசை. காணிக்கை பீடத்துக்கு வந்த பின்னும் குருவானவர் கை கட்டிக் காத்து நிற்கிறார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. அந்த இயந்திரத்துக்கு மூச்சு வாங்கத் தெரியாது. ஆனால் மூன்றாம் வரிசையில் இருக்கும் பாட்டியம்மாளுக்கு வரி முடிவில் மூச்சு வாங்க வேண்டுமே! இரண்டு வரிகளில் பின்தங்கி, மூன்றாம் வரியில் வாயை மூடிக்கொள்கிறார். தனிப்பாடகிக்கு ஏற்ற உச்ச சுருதியில் ஆண்கள் பாட முடியாமல் சும்மா நிற்கின்றனர். வாரந்தோறும் புதுப் பாட்டு. ஆகவே ஒருவருக்கும் மெட்டுத் தெரியாது. தெரிந்த மெட்டாயிருந்தால் அது சினிமா மெட்டாயிருக்கிறது. நற்கருணை வாங்கித் திரும்புகிறவனின் கண்முன் அந்தப் படத்தின் காட்சி வந்து நிற்கிறது. பாட்டு முடிந்ததும் கைதட்டல்! கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர், 2000ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், மனிதத் திறமைக்காக வழிபாட்டில் கைதட்டல் எழும்போது வழிபாட்டின் சாரமே மறைந்து அது கேளிக்கையாகிவிடுகிறது என்னும் கருத்தைச் சொன்னார். கடுமையான சொல்தான்; ஆயினும் சிந்திக்க வேண்டிய சொல்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய காலம் முழுவதும் பொற்காலமன்று. பாடகர்கள் மேல்மாடத்தில் இலத்தீனில் பாட, கீழே மக்கள் பொருள் விளங்காமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த காலமும் உண்டு. அதுவும் மக்களைப் பார்வையாளராக்கிய முறையே. அதை மாற்றத்தான் பொதுச்சங்கம் மக்களின் முழுமையான பங்கேற்பை வலியுறுத்தியது. இன்று ஆர்மோனியம் வாசித்தாலும், நீங்கள் வாய் திறவாமல் இருந்தால் பயன் என்ன?

கேளிக்கை பாவமா என்றால், இல்லை. நம் முன்னோர் அதை நன்கு அறிந்திருந்தனர். திருவிழா இரவுகளில் வாசகப்பாவும் நாட்டுக்கூத்தும் விடிய விடிய நடத்தினர். தவக்காலத்திலும் உயிர்ப்புக் காலத்திலும் பாஸ்கு நாடகம் போட்டனர். ஊரே பாய் விரித்து அமர்ந்து அழுதது, சிரித்தது. ஆனால் அது நடந்தது கோவில் முற்றத்தில். திருப்பலிக்குப் பீடம், கூத்துக்கு மேடை என்று இடம் வகுத்து வைத்திருந்தனர்.

நாம் குருமடத்தில் பயின்றுகொண்டிருந்த 1997ஆம் ஆண்டில், இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் நடந்த நற்கருணை மாநாட்டில் இதுவே நடந்தது. செப்டம்பர் 27 சனிக்கிழமை மாலை, லட்சக்கணக்கான இளைஞர் முன்னிலையில், திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அமர்ந்து கேட்க, ராக் பாடகர் பாப் டிலன் பாடினார். திருத்தந்தை அவருடைய பாடலொன்றின் கேள்வியையே எடுத்துக்கொண்டு இளைஞருக்கு மறையுரை போலவே பேசினார். இப்படிப்பட்டவரைப் பாடவிடுவது சரிதானா என்று தாம் ஐயுற்றதாகக் கர்தினால் ராட்சிங்கர் பிற்காலத்தில் எழுதினார். திருச்சபையின் உச்சியிலேயே இரு கருத்து இருந்திருக்கிறது. நம் பங்கில் இருப்பதில் வியப்பென்ன? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கச்சேரி மேடையில் நடந்தது. நிறைவுத் திருப்பலி மறுநாள் ஞாயிறன்று நிறைவேற்றப்பட்டது.

ஆலயத்துக்குள் இசை நிகழ்ச்சிகள் பற்றி உரோமை வழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5இல் தந்த நெறிமுறையும் உண்டு. இசை தூய்மையானதாக, சமயப் பொருள் உடையதாக இருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் கூடாது. கலைஞர்கள் பீடப்பகுதியில் நிற்கக் கூடாது. நற்கருணையை வேறு தகுந்த இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பன அதில் முக்கியமானவை.

இவற்றையெல்லாம் பங்குப்பேரவையோடு ஆய்ந்து நாம் எடுத்த முடிவு இது. இளைஞரின் இன்னிசை நிகழ்ச்சி விழா இரவில் பள்ளி மைதானத்தில், பெரிய மேடையில், டிரம் செட்டோடும் மின்கிதாரோடும் நடைபெறும். நாமும் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம், மனமாரக் கைதட்டுவோம். யூபிலித் திருப்பலியில் கிதார் உண்டு, தபேலா உண்டு, காணிக்கைப் பவனிக்குப் பறை உண்டு, கீபோர்டும் உண்டு. இயந்திரத் தாளம் மட்டும் இராது. பாடல்கள் அனைவரும் அறிந்தவை. சுருதி இறங்கியிருக்கும். திருவிருந்துக்குப் பின் சிறிது நேரம் எந்த ஓசையும் இராது. அந்த மௌனமும் நம் பாடலே.

அன்பு இளைஞரே, பாடகற்குழுவை விட்டுப் போகாதீர்கள். உங்கள் குரல் இல்லாமல் இந்த ஆலயம் மூத்துப் போகும். அன்புப் பெரியோரே, அடுத்த பங்கைத் தேடாதீர்கள். பிள்ளைகள் பாடத் தொடங்கும்போது நீங்களும் சேர்ந்து பாடுங்கள். விழா முடிந்து வீடு திரும்பும்போது, "குழு எவ்வளவு நன்றாகப் பாடியது" என்பதைவிட, "இன்று நாம் எல்லோரும் பாடினோம்" என்று சொல்லக்கூடுமானால், இந்த யூபிலி நிறைவுற்றதாகும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் நாவையும் நெஞ்சையும் ஒன்றாக்கி ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

மரியே வாழ்க!