முதல் வில்லை ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நம்ம திருப்பூரில் பிள்ளைக்கு பனியன் எடுக்கும்போது, "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே எடு" என்போம். என் மகளுக்கு முதல் வில் வாங்கியபோதும் அதையேதான் செய்தேன். 12 வயதுப் பெண்ணுக்கு 30 பவுண்டு வில்! இழுக்க முடியாமல் தோளைத் தூக்கித் தூக்கியே எய்தாள். இரண்டே மாதத்தில் தோள்வலி. வில் லாஃப்டுக்குப் போய்விட்டது.

பவுண்டு என்பது வில்லின் எடை அல்ல. நாணை 28 இன்ச் இழுத்துப் பிடிக்கத் தேவையான பலம். பிள்ளைகளுக்கு 14 முதல் 18, பெரியவர்களுக்கு 20 முதல் 24 பவுண்டு போதும். முழுதாக இழுத்து, கை நடுங்காமல் பத்து நொடி நிறுத்த முடிகிறதா? அதுதான் உங்கள் வில்.

கழற்றி மாட்டும் ரிகர்வ் வில்லாக வாங்குங்கள். பலம் கூடும்போது மேலும் கீழும் உள்ள இரண்டு லிம்பை மட்டும் மாற்றலாம்; நடுப்பிடி அப்படியே இருக்கும். முதல் சில வாரம் பயிற்சியாளரின் வில்லிலேயே எய்து பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

இரண்டு எச்சரிக்கை: அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் உடையும். நம் மொட்டை மாடியில் எய்யவே வேண்டாம்.

2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற தீபிகா குமாரி, மூங்கில் வில்லில் தொடங்கியவர். என் மகளும் இப்போது 16 பவுண்டில் மறுபடி தொடங்கியிருக்கிறாள். தோள் வலிக்கவில்லை.