மாத்திரையும் மார்பகப் புற்றுநோயும்



வைட்டமின் மாத்திரை உண்டால் மார்பகப் புற்றுநோய் அணுகாது என்று நம்புவோர் பலர். என் சிற்றன்னையாரும் அவ்வாறே நம்பினார். மார்பில் கட்டியொன்று தென்பட்ட பின்பும் ஓராண்டுக் காலம் மாத்திரைகளையே துணையாகக் கொண்டார். மருத்துவரை நாடியபோது நோய் முற்றியிருந்தது.

அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடத்திய பேராராய்ச்சியின் முடிவு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் ஒரு பாதியினர் ஐந்தாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் வைட்டமின் டி உட்கொண்டனர். மறுபாதியினர்க்கு அச்சத்து இல்லாத போலி மாத்திரையே அளிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோயோ இரு சாராரிடத்தும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தோன்றிற்று.

அங்ஙனமாயின் உணவுக்குப் பங்கே இல்லையா? உண்டு. மதுவை விலக்குதல், மாதவிடாய் நின்றபின் உடல் பருக்காமல் காத்தல், நாளும் உடலை உழைக்கச் செய்தல், குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுதல் ஆகியவை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும். கீரையும் கனியும் பயறும் மிகுந்த உணவு, உடல் எடையை அளவில் நிறுத்தத் துணைசெய்யும்.

எனினும், இவை வாய்ப்பைக் குறைக்குமேயன்றி அறவே நீக்கமாட்டா. கட்டி தென்பட்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லவேண்டும். இதனை இன்றே உங்கள் இல்லத்துப் பெண்டிரிடம் கூறுங்கள். என் சிற்றன்னையாரிடம் உரிய காலத்தில் கூற எனக்கு வாய்க்கவில்லை.