பரண் மேல் சத்தம்



தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, போன ஞாயிற்றுக்கிழமைத் தகராறைத் தீர்த்துவைக்க வந்திருப்பதாகச் சொன்னார். அது என்னால் ஆகாது. சொல்லப்போனால் அந்தத் தகராறில் நானும் ஒரு கட்சி. வரமுடியாமல் போனவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே அரங்கில் 'பிரைமர்' படத்தைத் திரையிட்டோம். 2004-இல் வந்த அமெரிக்கப் படம், காலப் பயணக் கதை, ஓடும் நேரம் 77 நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து "சவுண்டக் கூட்டுங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது. கூட்டினோம். இருபதாவது நிமிடத்தில் மறுபடியும் அதே குரல். கூட்டினோம். மூன்றாவது முறை அவரே, "சவுண்டு சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் புரியல, விடுங்க" என்றார். விளக்குப் போட்டதும் முதலில் எழுந்தவரும் அவர்தான். "டை கட்டின நாலு பேர் கார் ஷெட்டுல உக்காந்து பேசுறதப் பாக்கவா பஸ் ஏறி வந்தேன்?" என்றார்.

உடனே இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி எழுந்தார். நான்கு தாள்களைச் செலோடேப்பால் ஒட்டி, சிவப்பு, நீலம், பச்சை என்று கோடு போட்ட ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டி, "ஐயா, இத வெச்சுக்கிட்டுப் பாத்தா எல்லாம் புரியும்" என்றார். ஐயா அந்த வரைபடத்தைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்கப் போவதில்லை. அப்புறம் முக்கால் மணி நேரம் வாக்குவாதம். டீ ஆறிப்போனது. வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

இந்தச் சண்டை நம் ஊரில் பிறந்ததில்லை, படத்தோடு கூடவே பிறந்தது. 2004 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழு தன் பெரிய பரிசை இந்தப் படத்துக்குத்தான் கொடுத்தது. அறிவியலைக் கையாளும் படங்களுக்கென்று இருக்கிற ஸ்லோன் பரிசும் இதற்கே போனது. ஆனால் அதே போட்டியில் பார்வையாளர்கள் தேர்ந்தெடுத்தது 'மரியா ஃபுல் ஆஃப் கிரேஸ்' என்ற படத்தை. போதைப்பொருள் பொட்டலங்களை விழுங்கி வயிற்றில் கடத்திப் போகும் கொலம்பியப் பெண்ணின் கதை அது, நெஞ்சைப் பிடித்துவிடும் படம். பரிசு கொடுத்த ஊரிலேயே நடுவர் ஒரு பக்கம், ஜனங்கள் ஒரு பக்கம். நாம் போட்ட சண்டை மிகச் சின்னது.

எடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம். ஷேன் கரூத் கணிதம் படித்தவர், மென்பொருள் வேலை பார்த்தவர், திரைப்படக் கல்லூரிப் பக்கமே போகாதவர். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, படத்தொகுப்பு, இசை எல்லாம் அவரே. இரண்டு நாயகர்களில் ஒருவரான ஏரனாக நடித்ததும் அவரே. இன்னொருவரான ஏப் ஆக நடித்தவர் டேவிட் சல்லிவன். டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சூப்பர் 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார்கள். செலவு சுமார் 7,000 டாலர், அன்றைய நம் கணக்கில் மூன்று லட்ச ரூபாய்ச் சொச்சம். ஒரு சுமாரான கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுச் செலவு. ஐந்து வாரத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டிச் சீராக்க அவருக்கு இரண்டு வருடம் ஆனது.

இந்த 7,000 டாலரைச் சொல்லித்தான் பலரும் படத்தைப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கஷ்டப்பட்டுச் சமைத்தார் என்பதற்காகச் சாம்பாரில் உப்பு ஏறிவிடாது. 1974-இல் வெளிவந்த 'டார்க் ஸ்டார்' படத்தை ஜான் கார்பென்டர் எடுத்தபோது வேற்றுக்கிரகப் பிராணி செய்யக் காசில்லாமல் கடற்கரைப் பந்துக்குக் காலை ஒட்டி நடக்கவிட்டார். சிலருக்கு அது பெரும் வேடிக்கை, பலருக்கு அபத்தம். ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லையே என்று வருந்திய, அந்தப் படத்தைக் கூடச் சேர்ந்து எழுதிய டான் ஓபானன், அதே சரக்கைப் பயமுறுத்தும் கதையாக மாற்றி எழுதியதுதான் பிற்பாடு 'ஏலியன்' ஆனது. பற்றாக்குறை ஒருவரைப் பந்தில் கொண்டுவிடும், இன்னொருவரை வேறெங்கோ கொண்டுவிடும். கரூத்தை எங்கே கொண்டுவிட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிலிம் விலை அதிகம், அதனால் பெரும்பாலும் ஒரே டேக். திரும்ப எடுக்கக் காசில்லாதபோது, ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு விலாவாரியாக விளக்கம் சொல்லும் காட்சிகள்தான் முதலில் காணாமல் போகும். வழக்கமான அறிவியல் படத்தில் கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் வட்டம் போட்டு நமக்குப் பாடம் எடுப்பார். இங்கே நான்கு இன்ஜினியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்கிறோம். போன வாரம் வந்திருந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அவங்க பேசுற இங்கிலீஷ் எனக்குப் புரியல சார். ஆனா வேலை செய்யுற ஆளுங்க இப்பிடித்தான் பேசுவாங்க. பாதி வாக்கியத்துலயே அடுத்தவனுக்குப் புரிஞ்சிரும்." காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலிருந்து பல்லாடியம் எடுக்க அவர்கள் கை வைக்கும் இடத்தில் அவர் ஒரு தரம் சிரிக்கவும் செய்தார். விமர்சகர் யாரும் அந்தச் சிரிப்பை எழுதியதாக நான் படித்ததில்லை.

சரி, கருவிக்கு வருவோம். அவர்கள் செய்ய நினைத்தது பொருளின் எடையைக் குறைக்கும் ஒரு பெட்டி. காலத்தைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை. உள்ளே வைத்த பொருளின் மேல் பூஞ்சை சம்பந்தமான ஏதோ ஒன்று படிகிறது. வருடக்கணக்கில் படிய வேண்டியது சில நாளில் படிந்திருக்கிறது. ஏப் தன் கைக்கடிகாரத்தை உள்ளே வைத்துப் பார்க்கிறான். வெளியே ஒரு நிமிடம் போனால் கடிகாரத்தில் 1,347 நிமிடம் போயிருக்கிறது. ஒரு பெரிய கண்டுபிடிப்பு, பூசணம் பிடித்ததை ஏன் என்று கேட்டதில் வருகிறது. படத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

பிறகு ஆள் ஏறும் அளவுக்குப் பெரிதாகச் செய்த இந்தப் பெட்டியின் விதி ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் படத்தின் முதல் பாதி கையில் வந்துவிடும். பெட்டியைப் போட்ட நேரத்துக்கு முன்னால் போக முடியாது. காலை ஒன்பதுக்குப் பெட்டி ஓடத் தொடங்குகிறது. மாலை மூன்று மணிக்கு நீங்கள் உள்ளே ஏறுகிறீர்கள். ஒன்பதுக்குத் திரும்ப வேண்டுமானால் உள்ளே ஆறு மணி நேரம் இருட்டில் படுத்துக் கிடக்க வேண்டும். பட்டனைத் தட்டியதும் மின்னல் வெட்டி ராஜராஜ சோழன் காலத்தில் போய் இறங்குகிற சமாச்சாரமெல்லாம் கிடையாது. ஆறு மணி நேரம் வேண்டுமா, ஆறு மணி நேரத்தைக் கொடு. கறாரான மளிகைக்கடைக் கணக்கு. அந்தப் பகல் முழுக்க இருவரும் ஒரு ஓட்டல் அறையில் யார் கண்ணிலும் படாமல், போன் எடுக்காமல் அடைந்து கிடந்து, எந்தப் பங்கு ஏறியது என்று மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். உலகத்தின் விதியையே உடைத்தவர்கள் அதை வைத்து முதலில் செய்தது ஷேர் வியாபாரம். இந்த இடத்தில் யாரும் கைதட்டவில்லை, கவனித்தேன்.

இப்போது ஒரு காட்சி. ஏப் தன் நண்பனைக் காரில் கூட்டிக்கொண்டு, பெட்டியை வைத்திருக்கும், வாடகைக்கு அறை விடும் ஒரு சாமான் கிடங்குக்கு எதிரே நிறுத்துகிறான். பைனாகுலரைக் கையில் கொடுக்கிறான். ஏரன் பார்க்கிறான். வெயிலில் ஒரு மனிதன் நடந்து வந்து கிடங்குக்குள் போகிறான். அந்த மனிதனும் ஏப்தான். இசை அதிரவில்லை, கிராஃபிக்ஸ் இல்லை. ஒருவன் நடந்து போகிறான், அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்த நண்பர் அந்த நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், தவறவிட்டார். மற்ற ஐம்பது நிமிடமும் அவருக்குப் படம் போய்விட்டது. அவர் மேல் தப்பா, படத்தின் மேல் தப்பா? ஆளுக்குப் பாதி என்பேன்.

ஏனென்றால் எதிர்க்கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வசனங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுகின்றன. ஏரனின் மனைவி காராவுக்கும் ஏப்பின் தோழி ரேச்சலுக்கும் படத்தில் உருப்படியான வேலையே இல்லை. ரேச்சலின் தந்தை கிரேஞ்சர் ஒரு நாள் ராத்திரி மழிக்காத தாடியோடு, வரவே முடியாத இடத்தில் வந்து நிற்கிறார். பெட்டியைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? எப்போது உள்ளே ஏறினார்? படம் சொல்வதில்லை. 'பாத்திரங்களுக்கே தெரியாததை நமக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?' என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கென்னவோ அது திரைக்கதையில் விழுந்த ஓட்டைதான். ஓட்டைக்குத் தத்துவம் என்று பெயர் வைத்தால் மழைக்கு ஒழுகாமல் இருக்குமா?

ஆனால் தம்பிகளே, ஐயாமார்களே, என் வழக்கு இரண்டு கட்சிகள் மேலும்தான். புரியவில்லை என்று எழுந்தவரும் புரிந்துவிட்டது என்று வரைபடம் விரித்தவரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறீர்கள். இது ஒரு விடுகதை, இதற்கு விடை உண்டு என்று இருவருமே நம்புகிறீர்கள். ஒருவருக்கு விடை கிடைக்கவில்லை, இன்னொருவருக்குக் கிடைத்துவிட்டது. நான் பார்த்த படம் வேறு. இரண்டு சிநேகிதர்கள் எப்படிக் கெட்டுப்போனார்கள் என்கிற கதை.

ஏப் தன் கண்டுபிடிப்பை நண்பனிடம் மனதாரச் சொல்கிறான், காட்டுகிறான், பங்கும் தருகிறான். ஒன்றே ஒன்றை மறைக்கிறான். ஏதாவது விபரீதம் ஆனால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்தே அழித்துவிடலாம் என்று இன்னொரு பெட்டியை ரகசியமாக முன்பே ஓடவிட்டிருக்கிறான். விபரீதம் என்றால் என்ன? நண்பன்தான். முதல் அவநம்பிக்கை ஏரனுடையது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் கணக்கை மறைத்தவன் ஏப். ஏரன் அதைக் கண்டுபிடித்து, அதிலேயே ஏறிப் பின்னால் போய்விடுகிறான். ஆரம்பத்தில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏரன் காதில் ஒரு கருவி மாட்டியிருப்பான், நினைவிருக்கிறதா? ஏதோ மேட்ச் கேட்பதாகச் சொல்வான். அது மேட்ச் இல்லை. அன்றைய பேச்சு முழுவதையும் முன்பே ஒரு முறை வாழ்ந்து பதிவு செய்துகொண்டு வந்து, காதில் கேட்டுக் கேட்டு நண்பனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்பாவியாக நெருங்கி வருகிற ஏப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் நடித்துக்கொண்டிருக்கிறான். நாமும் அதை நிஜம் என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் எந்த ஏரன் எப்போது வந்தான் என்று நமக்குக் கணக்குத் தப்புகிறதென்றால், அங்கே ஏப்புக்கும் தப்புகிறது. தம்பியின் சிவப்புக்கோடு அந்தத் துரோகத்தை நேராக்கிவிடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றும் உண்டு. போகப் போக ஏரன் காதில் ரத்தம் வடிகிறது. இருவர் கையெழுத்தும் கோணுகிறது. பேனாவைப் பிடித்து எழுதுகிறார்கள், எழுத்துச் சின்னப்பிள்ளை எழுதியதுபோல் வருகிறது. காரணம் கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. பூஞ்சைக்குக் காரணம் தேடி விடிய விடிய உட்கார்ந்த அதே ஆட்கள், தங்கள் கை ஏன் கோணுகிறது என்பதை விட்டுவிட்டு அடுத்த பயணத்துக்குக் கிளம்புகிறார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். போன வாரம் இரண்டாவது வரிசையில் பேரனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்திருந்தார்கள். அதோ, இன்றைக்கும் வந்திருக்கிறார்கள். சண்டையெல்லாம் ஓய்ந்து எல்லோரும் செருப்புத் தேடும்போது அவர்கள் மெதுவாக என்னிடம் கேட்டார்கள்: "அந்தப் பொண்ணு பரண் மேல ஏதோ சத்தம் கேக்குதுன்னு புருசன்கிட்ட சொல்லுச்சே, அது என்னாச்சு? அவன் பேச்ச மாத்தின விதமே எனக்குச் சரியாப் படல."

நான் விக்கித்துப்போனேன். நாலு தாள் வரைபடத்தில் அந்தச் சத்தம் இல்லை. ஐயாவின் குற்றச்சாட்டிலும் இல்லை. முதல் தடவை பார்த்தபோது நானும் அது எலி என்றே விட்டுவிட்டேன். அன்று காலை பாலில் மருந்து கலந்து கொடுத்து, மயங்கியவனை இழுத்துக்கொண்டு போய்ப் பரணில் அடைத்திருக்கிறான் ஏரன். அடைபட்டவனும் ஏரன்தான், அந்தப் பெண்ணின் நிஜமான புருஷன். தன் வீட்டுப் பரணில் கிடந்து அவன் முட்டிக்கொண்டிருக்கிறான். கீழே அவள் அவன் முகத்தோடு நிற்கிற இன்னொருவனிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறாள். இது ஒருவருக்குப் புரிவதற்குக் காலக்கோடு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு வாழ்ந்த பழக்கம் இருந்தால் போதும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். படத்தை இன்னொரு முறை போடப்போகிறோம். போன வாரத்து ஐயாவும் கதவோரமாகத்தான் இருக்கிறார், எழுந்து போய்விடாதீர்கள், ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறோம். தம்பி, அந்த வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். அம்மா, பரண் சத்தம் வருகிற இடத்தில் பேரன் தூங்கியிருந்தால் எழுப்பிவிடுங்கள்.

விளக்கை அணைக்கலாம்.