முயல் தானாக உங்களிடம் வர வேண்டுமென்றால்

வீட்டில் முயல் வளர்ப்பவர்கள் பலருக்கும் ஒரு மனக்குறை இருக்கிறது. ஆசை ஆசையாக வாங்கி வந்தோம், வேளாவேளைக்குத் தீவனம் வைக்கிறோம், கூண்டைச் சுத்தம் செய்கிறோம். ஆனாலும் கிட்டே போனால் மூலைக்கு ஓடுகிறது, கையில் எடுத்தால் உதைக்கிறது என்பார்கள். முயலுக்குப் பாசமே கிடையாது என்று முடிவுகட்டி, கூண்டைத் திறப்பதையே விட்டுவிடும் வீடுகளும் உண்டு. அந்த முடிவு தவறு. முயலுக்குப் பாசம் உண்டு. அதைப் பெறுவதற்காக நாம் செய்கிற காரியம், அதாவது வாரியெடுத்துக் கொஞ்சுவது, அந்தப் பாசத்துக்கே குறுக்கே நிற்கிறது. எந்த நொடியிலும் விலகிப் போகலாம் என்று தெரிந்துகொண்ட முயல்தான் மனிதரை நெருங்கும். என் கருத்து இதுதான். இதற்கான காரணங்கள் முயலின் உடம்பிலேயே இருக்கின்றன.

நாம் வளர்க்கும் முயலின் மூதாதை ஐரோப்பாவின் தென்மேற்கே, ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் நிலப்பகுதியில் வளை தோண்டி வாழ்ந்த காட்டு முயல். (நம் ஊர்க் காடுமேடுகளில் ஓடுவது வேறு இனம், அதைப் பிடித்து வளர்ப்பதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கவில்லை.) அந்த நிலத்தில் நரிக்கும் கழுகுக்கும் இரை முயல்தான். லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை இனம் இன்றும் பெரும்பாலும் முயலை நம்பித்தான் அங்கே பிழைத்திருக்கிறது. எனவே தப்பி ஓடுவதற்கென்றே அமைந்த உடல் இது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால், முகவாய்க்குக் கீழே, அதற்குத் தெரியாது. பின்னங்கால் தசைகள் மிகுந்த வலுவுள்ளவை. எலும்புகளோ மெலிந்தவை: பூனையின் எடையில் 12, 13 சதவீதம் எலும்பு என்றால் முயலிடம் 7, 8 சதவீதம்தான். வாட்டமில்லாமல் தூக்கிய முயல் திமிறி உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். பின்னங்கால்கள் செயலிழந்துபோன முயல்களைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். காட்டில் ஒரு முயலின் நான்கு கால்களும் ஏதோ ஒன்றின் பிடியில் தரையைவிட்டு உயர்கின்றன என்றால், அது பகைவிலங்கிடம் சிக்கிவிட்டது என்று பொருள். அன்போடு தூக்கினாலும் அதன் உடம்பு அந்த அச்சத்தைத்தான் உணரும்.

"எங்கள் முயல் அப்படியில்லை, மல்லாத்திப் போட்டால் அசையாமல் சுகமாகப் படுத்திருக்கும்" என்று சிலர் மறுப்பார்கள். இப்படி எத்தனையோ வீடியோக்களும் சுற்றுகின்றன. இந்த மறுப்புக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனமுள்ளவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். மல்லாத்தியதும் முயல் அசைவற்றுப்போவது, பிடிபட்ட பிராணி செத்ததுபோல் உறைந்துபோகும் எதிர்வினை. அந்த நிலையில் முயல்களைச் சோதித்த ஆய்வாளர்கள், உடலியல் அளவீடுகளும் முயலின் நடத்தையும் அச்சம் கூடுவதையே காட்டுகின்றன என்று கண்டார்கள். அது அமைதியாக இருப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில்தான் அதற்கு மிகுந்த பயம். காதைப் பிடித்துத் தூக்குவதை எந்தக் கடைக்காரர் செய்துகாட்டினாலும் பின்பற்றாதீர்கள். அது வலி தரும் வழக்கம். குளிப்பாட்டுவதும் வேண்டாம். முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். முழுக்க நனைத்தால் அதிர்ச்சியிலும் குளிரிலும் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அப்படியானால் என்ன செய்வது? தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிகிற மனிதர் முயலின் கண்ணுக்கு மேலிருந்து பாயும் உருவம். பாயில் உட்கார்ந்திருப்பவர் அப்படியில்லை. விடியலிலும் அந்திப்பொழுதிலும்தான் முயல் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும், ஆகவே மத்தியானத் தூக்கத்தைக் கலைக்காமல் அந்த இரண்டு வேளைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அறையில் மின்கம்பிகளை அதன் பல்லுக்கு எட்டாமல் ஒதுக்கிவிட்டு, கூண்டின் கதவைத் திறந்துவிடுங்கள். உள்ளே கைவிட்டு இழுக்க வேண்டாம். கூண்டு அதன் வளை. அங்கே நுழைகிற கை வளைக்குள் வந்த எதிரி. டைல்ஸ் தரையாக இருந்தால் கோணிச்சாக்கோ சணல் விரிப்போ விரியுங்கள், ஏனென்றால் கால் வழுக்குகிற இடத்தில் முயல் தைரியமாக நடமாடாது. ஓடி ஒளிய இருபக்கமும் திறந்த அட்டைப்பெட்டி ஒன்று இருக்கட்டும். ஒளிய இடம் கொடுத்தால் அங்கேயே கிடக்காதா என்று கேட்கலாம். ஒளிந்துகொள்ளலாம் என்ற உறுதி இருக்கும்போதுதான் அது வெளியே வரத் துணியும். பிறகு நீங்கள் செய்தித்தாள் படியுங்கள், கீரை ஆயுங்கள், அதைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டாம். ஒருநாள் வந்து உங்கள் பாதத்தை முகரும், காலில் தாவிக்கூட ஏறும். அந்த நேரத்தில் கையை நீட்டிப் பிடிக்காமல் இருப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. அப்போது பிடித்துவிட்டால் அத்தனை நாள் பொறுமையும் வீண்.

கைக்குப் பழகிய பிறகு கொத்தமல்லித் தழையோ, அதன் அன்றாடப் பெல்லட் தீவனத்தில் ஒரு பங்கோ உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். கேரட்டில் சர்க்கரை அதிகம், சிறு துண்டு போதும். முயலின் முதன்மை உணவு புல்லும் உலர்த்திய புல்லும்தான், அது எந்நேரமும் அதன் முன்னால் இருக்க வேண்டும். பட்டினி போட்டால் சீக்கிரம் பழகும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது, அது நின்றுபோனால் உயிர் போய்விடும். தடவும்போது மூக்குக்கு நேராகக் கையைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் அது பார்க்கும்படி தாழ்வாகக் கொண்டுவந்து நெற்றியில் வையுங்கள். நெற்றி, கன்னம், காதின் அடிப்பகுதி, இவை போதும். வயிறு, பாதம், வால் வேண்டாம். கொஞ்சம் தடவிவிட்டு நிறுத்திப் பாருங்கள். மேலும் வேண்டுமென்றால் தலையைத் தாழ்த்தி அங்கேயே இருக்கும், வேண்டாமென்றால் நகர்ந்துவிடும், நகர்ந்தால் பின்தொடராதீர்கள்.

"இது தீவனத்துக்காக வருவதுதானே, இதில் பாசம் எங்கே?" என்பது நியாயமான கேள்வி. தொடக்கத்தில் தீவனத்துக்காகத்தான் வரும், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் முயல்கள் தங்களுக்குள் உறவு காட்டும் செயல்களில் தீவனமே கிடையாது: ஒன்றையொன்று நக்கும், ஒட்டிப் படுக்கும், மற்றது தன்னை நக்கும்படி தலையைத் தாழ்த்தும். உங்கள் கை காலியாக இருக்கும்போதும் அது உங்கள் விரலை நக்கினால், உங்கள் அருகே பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிப் படுத்தால், தடவும்போது பற்களை மெல்ல உரசினால், அது உறவுதான். முகவாயைப் பொருள்களில் தேய்ப்பது தன் மணத்தைப் பதிக்கும் பழக்கம். காலைச் சுற்றிச் சுற்றி ஓடுவதோ பெரும்பாலும் இனப்பெருக்க வேகம். முயலுக்கு அறுவை செய்து அனுபவமுள்ள மருத்துவரிடம் கருத்தடை செய்தால் அதுவும் கடிக்கும் குணமும் பெரும்பாலும் தணியும், பெட்டை முயலுக்குக் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் நீங்கும்.

குழந்தைகளுக்காகத்தானே வாங்கினோம், தூக்கக் கூடாதென்றால் எப்படி என்று பெற்றோர் கேட்பார்கள். குழந்தைக்குத் தரையில் உட்கார்ந்து காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள். சின்னப் பிள்ளைகளால் அது முடியும், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்தால். முடியாத வயதென்றால் முயல் இன்னும் சில ஆண்டுகள் கழித்து வரட்டும். நன்றாக வளர்த்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வாழும் பிராணி அது, ஒரு விடுமுறைக்கால விளையாட்டுப் பொருளாக அதை வாங்குவது சரியில்லை. தூக்கவே கூடாதென்றால் மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோவது, நகம் எப்படி வெட்டுவது என்ற கேள்விக்கு வழி இருக்கிறது. மூடிபோட்ட கூடையைத் திறந்தபடி அறையில் வைத்து, தழையை அதற்குள் வைத்து வாருங்கள். தானாகவே ஏறி உட்காரப் பழகும். தூக்கியே தீரவேண்டிய நேரத்தில் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்பகுதியை முழுக்கத் தாங்கியபடி, உங்கள் உடம்போடு அணைத்து, தரைக்கு அருகிலேயே வைத்துச் செய்யுங்கள்.

இத்தனை செய்தும் நெருங்காத முயல்கள் உண்டு. காரணம் குட்டிப் பருவத்தில் இருக்கலாம். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே குட்டிகளுக்குப் பால் கொடுக்கும். பிறந்த முதல் வாரத்தில் அந்தப் பால் நேரத்தையொட்டி மனிதக் கை பட்ட குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் குறைவாக அஞ்சுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் முயலுக்கு அந்த வாரம் எப்படிப் போயிற்றோ, அதை இனி மாற்ற முடியாது. அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதோடு நிறுத்திக்கொண்டால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இதுவரை ஓடிக்கொண்டிருந்த முயல் திடீரென்று சாதுவாகிக் கைக்கு அடங்கினால் மகிழ வேண்டாம். முயல் வலியை மறைக்கும் பிராணி. உடலைக் குறுக்கிப் பல்லை நறநறவென்று கடித்தாலோ, அரைநாள் தீவனம் தொடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கோடையிலும் கவனம் தேவை: முயலால் வியர்த்து உடலைத் தணிக்க முடியாது, வெப்பத்தைப் பெரும்பாலும் காது வழியேதான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குத் தொல்லைதான். மே மாத மத்தியானத்தில் அது தளர்ந்து நீட்டிப் படுத்து வேகவேகமாக மூச்சுவிட்டால், அதை நிம்மதியென்று எண்ணாமல் நிழலான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, காதுகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.